எஞ்சினுக்கு வருகைப் பதிவேடு

எஞ்சினின் எடை எண்பத்தொரு கிலோ. நான்கு பேர் சேர்ந்தால் கையாலேயே தூக்கி வைத்துவிடலாம். அதை இயக்கினால் தன்னைப் போலப் பதினாறு மடங்கு எடையை நேரே மேலே தள்ளும். நான் இந்த நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். தன் எடையில் பாதியையாவது சுமந்தவர் என்று வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

நான் ஃபிட்டர். எங்கள் நிறுவனத்தின் வேலை, ஓடுபாதை தேவைப்படாத ஒரு விமானத்தைச் செய்வது. பதினொரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதில் இரண்டு எஞ்சின். ஒன்று முன்னால் தள்ளும். அது எல்லா விமானத்திலும் இருப்பதுதான். இன்னொன்று விமானியின் இருக்கைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும். விமானத்தை நின்ற இடத்திலிருந்து நேரே மேலே தூக்க இரண்டு நிமிடம், திரும்பி வந்து நேரே கீழே இறக்க இரண்டு நிமிடம், ஆக ஒரு பயணத்துக்கு நான்கு நிமிடம் அது வேலை செய்யும். நடுவில் பறக்கிற நேரமெல்லாம் மூடியை மூடிக்கொண்டு பேசாமல் இருக்கும். நான் சொன்ன எண்பத்தொரு கிலோ இந்த இரண்டாவது எஞ்சின்.

அதை வடிவமைத்தவர் ஒரு பொறியாளர் அம்மா. எல்லோரும் மேடம் என்போம். கோபம் வந்தால் பென்சிலைக் கடிப்பார். வாரத்துக்கு நான்கு பென்சில் ஆகும். இவ்வளவு லேசாக எப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எதை எடுத்தா எடை குறையும்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்தேன். கடைசில எடுக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. ஆயுசு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன்" என்றார். "பத்து மணி நேரம் மட்டும் விட்டு வச்சிருக்கேன். அறுநூறு நிமிஷம். தடவைக்கு நாலு நிமிஷம்னா நூத்தி நாப்பது தடவைக்கு மேல பறக்கலாம், தாராளம். ஆனா கடைசி இருபது நிமிஷத்துல மட்டும் கைய வைக்கக் கூடாது. அதுக்கப்புறம் அது எஞ்சின் இல்ல, அதிர்ஷ்டம்."

எனக்கு இது மனப்பாடம் ஆனதற்குக் காரணம் உண்டு. அந்த விமானத்தை முதன்முதலில் ஓட்டப்போகிறவன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு ஐந்து வயதிலேயே தாய் போய்விட்டதால் என் மனைவிதான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது ஒரு பெட்டியையும் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டி எப்போதோ உடைந்துபோனது. அவன் விமானி ஆகி, இன்னும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்கிறான்.

எஞ்சின் பணியாளர் ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். அது முடிந்து வெளியே வந்த வருடம், புதிய இயந்திரம் எதையும் நிறுவனத்தின் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதே வருடம் இரண்டாம் நிலை உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. வருடம் முடிவதற்குள் நிரப்பாவிட்டால் அந்த இடமே பறிபோய்விடும். நிர்வாக அதிகாரி இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுநாள் எஞ்சின் பணியில் சேர்ந்தது. பணியாளர் எண் 417.

விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். பிறந்த தேதி என்ற இடத்தில் முதல்முதலாகப் பற்றவைத்த தேதியைப் போட்டோம். அங்க அடையாளம்: இடப்பக்கம் ஒரு வெல்டிங் தழும்பு. தந்தை பெயர் என்ற கட்டத்தில் மேடம் தன் பெயரை எழுதினார். தாய் பெயருக்குக் கட்டம் இல்லை என்று அதை அடித்துவிட்டார்கள். கைரேகை வேண்டும் என்றபோது எஞ்சினில் தொட்ட கிரீஸைக் கட்டைவிரலில் பூசி நானே உருட்டினேன். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

வருடாந்திரப் பார்வையிடலுக்கு இயக்குநர் வந்தார். பத்து மணிக்கு என்று சொல்லி எங்களை ஒன்பதிலிருந்து நிற்க வைத்திருந்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு வந்தார். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"இது பறக்கும்போது என்ன பண்ணும்?"

"தூக்கும் சார். ரெண்டு நிமிஷம்" என்றார் மேடம்.

"அப்புறம்?"

"அப்புறம் அணைச்சிடுவோம் சார். சும்மா இருக்கும்."

"சும்மான்னா?"

மேடம் பென்சிலை வாயில் வைத்துவிட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சும்மான்னா சும்மாதான் சார். விமானம் அதைச் சுமந்துக்கிட்டுப் போகும். இறங்கறப்ப மறுபடி ரெண்டு நிமிஷம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

இயக்குநரின் முகம் மாறிவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வந்ததும் ரெண்டு நிமிஷம் சத்தம் போட வேண்டியது. போறப்ப ரெண்டு நிமிஷம் சத்தம் போட வேண்டியது. நடுவுல அடுத்தவன் சுமக்கணும். இல்லையா? நான் பதினேழு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். இப்படி ஒரு அலட்சியத்தை இங்க இன்னிக்குத்தான் பாக்கறேன். பொறுத்துக்க மாட்டேன். யாரா இருந்தாலும் சரி, பாக்க மாட்டேன்."

அங்கே நின்றிருந்த நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். ஒரு மணிக்குக் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் 417-க்கு ஒரு மெமோ வந்தது. பணி நேரத்தில் சும்மா இருந்ததற்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும். மெமோவைப் பணியாளரிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி என்பதால் எஞ்சினின் மூடி மேல் வைத்தார்கள்; அதன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பொறுப்பாளர் என்று என் பெயர் போட்டிருந்தது. அந்தக் கட்டைவிரல்தான் காரணம்.

"அதோட வடிவமைப்பே அப்படித்தான்" என்று மேடம் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். விளக்கம் ஏற்கப்படவில்லை. தன் வடிவமைப்பே அப்படி என்பது எல்லாப் பணியாளர்களும் சொல்லும் காரணம் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். பிறகு நிர்வாக அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, விஷயத்தைச் சுமுகமாக முடித்துவைப்பதாகச் சொன்னார். மேசையில் ஒரு தாள்கூடக் கிடையாது; அவ்வளவு சுத்தமான மனிதர்.

"எல்லாரும் காலைல பத்துக்கு ஒரு கையெழுத்து, சாயங்காலம் அஞ்சுக்கு ஒரு கையெழுத்து போடறோம். அதுக்குக் கை இல்ல. அதனால ஓடிக் காட்டட்டும். காலைல மூணு நிமிஷம், சாயங்காலம் மூணு நிமிஷம். வருகைப் பதிவு ஆயிடும்."

"நடுவுல சார்?"

"நடுவுல என்ன? நடுவுல யாரு கேட்டா?"

"ஐயோ சார், இயக்குநர் அதைத்தானே கேட்டாரு?"

"அவர் கேட்டது வேலையைப் பத்தி. வந்தாச்சுன்னா வேலை செஞ்சாச்சுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம இருபத்தாறு வருஷம் என்னய்யா பண்ணீங்க?"

மேடம் எழுந்துவிட்டார். "சார், அதுக்கு இருக்கறதே பத்து மணி நேரம். நீங்க ஓட விடற ஒவ்வொரு நிமிஷமும் அதோட ஆயுசுலேருந்து போகுது."

"அவங்கவங்க ஆயுசுலேருந்து எடுத்துத்தான் மேடம் எல்லாருமே ஆபீஸ் வர்றோம்" என்றார் நிர்வாக அதிகாரி. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வாக்கியத்தை அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மேடத்தின் சோதனைகளுக்கு முப்பது நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் ஐந்நூற்று எழுபது. மறுநாள் காலை பத்து மணிக்கு எரிபொருள் அறைச் சாவியை வாங்கி, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, எஞ்சினைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்து ஓடவிட்டேன். மூன்று நிமிடம். கட்டடமே அதிர்ந்தது. கணக்கர்கள் சத்தத்தைக் கேட்டுப் பத்து மணி ஆயிற்று என்று தெரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். மாலை ஐந்துக்கு மறுபடி சத்தம். அப்போது கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் இதைச் சொன்ன அன்று என் மனைவி அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறு நிமிஷமா?"

"ஆமா."

"என் தம்பி எப்ப பறக்கப்போறான்?"

"தேதி குறிக்கல. சிறப்பு விருந்தினர் கிடைக்கல."

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், "இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?" என்றுதான் கேட்பாள். ஐந்நூற்று அறுபத்து நான்கு. ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. அவள் எதையும் எழுதிவைக்க மாட்டாள். ஒருநாள் நான் தவறாகச் சொன்னபோது திருத்தினாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பணியாளர் என்றால் விடுப்பு உண்டல்லவா? 417-க்கு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. சொந்த வேலை காரணமாக என்று விண்ணப்பித்தேன். கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் எழுபத்திரண்டு நிமிடம் மிஞ்சியது. என் மனைவி அந்தப் பன்னிரண்டு நாளும் என்னிடம் சிரித்துப் பேசினாள். அது தீர்ந்ததும் மருத்துவ விடுப்பு கேட்டேன். நிறுவன மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவர் நேரில் வந்து, எஞ்சினின் மேல் கருவியை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"மூச்சே இல்லையே" என்றார்.

"அணைச்சு வச்சிருக்கு டாக்டர்."

"அப்ப சரி. உடம்பு சில்லுன்னு இருக்கு. பத்து நாள் ஓய்வு எடுக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் பாவம், அன்றைக்கு அவருக்கு அறுபத்து மூன்றாவது நோயாளி அது.

அதோடு சரி. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பணியாளர் என்று 417-இன் கோப்பில் குறித்துவிட்டார்கள். முன்னூற்று முப்பது. இருநூற்று எழுபது. வாரங்கள் போயின. காலையில் சாவியை வாங்கும்போது என் கை கனத்துப்போகும். அது அவ்வளவு அழகாகப் பற்றும்; பொத்தானை அழுத்தி ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் உறுமி எழுந்து நிற்கும். என்னைத் தூக்கவிடேன் என்று கேட்பதுபோல் இருக்கும். கூண்டில் வைத்து மூன்று நிமிடம் அதைக் கத்தவிட்டு அணைப்பேன். ஒரு நல்ல பிள்ளையைத் தினமும் இரண்டு முறை காரணமில்லாமல் அடிப்பதுபோல எனக்கு வலித்தது.

இதற்கிடையில் 417-க்கு அந்த வருடத்தின் சிறந்த பணியாளர் விருது கிடைத்தது. மருத்துவ விடுப்புக்குப் பிறகு ஒருநாள்கூடத் தாமதமாக வராத ஒரே பணியாளர் அதுதான். விருது பெறுபவர் மேடையில் இருக்க வேண்டும். எஞ்சின் இருப்பதற்கு அடையாளம் ஓடுவது. எனவே இயக்குநர் பேசிய இருபத்து நான்கு நிமிடமும் அதை மேடையில் ஓடவிட்டேன். அவர் பேசியதில் ஒரு சொல் யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் சரியான இடங்களில் கைதட்டினார்கள். பேச்சு முன்பே அச்சாகி எல்லோர் கையிலும் இருந்தது. ‘உழைப்பென்றால் என்ன என்று என்னைக் கேட்பார்கள். உழைப்பென்பது உரிய நேரத்தில் ஓசை எழுப்புவது’ என்று அதில் மூன்றாம் பத்தியில் இருந்தது. முடிவில் சான்றிதழை நீட்டினார். எஞ்சின் மேலிருந்து காற்றை இழுக்கும் வகை. சான்றிதழ் அவர் கையிலிருந்து பறந்துபோய் எஞ்சினின் வாயை மூடியிருந்த வலையில் ஒட்டிக்கொண்டது. பணியாளர் விருதைத் தாமே பெற்றுக்கொண்டார் என்று செய்தி மடலில் போட்டார்கள்.

மேடம் அன்றே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். மறுவாரம் அவரை பொன்விழா மலர்க் குழுவுக்கு மாற்றினார்கள். எஞ்சினின் வரலாற்றை எழுத அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்று ஆணையில் பாராட்டியிருந்தார்கள்.

அறுபது நிமிடம் மிச்சம் இருந்தபோது நான் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். மேடம் குறித்த இருபது நிமிட எல்லையை ஓய்வு வயதாகக் கருதி, 417-க்குப் பணி ஓய்வு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்தது. நகர்ந்த ஒவ்வொரு நாளும் ஆறு நிமிடம். இந்த நேரம் பார்த்து, இத்தனை மாதமாகக் கிடைக்காத சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விமானம் எழும்பும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை பதினெட்டு நிமிடம் மிச்சம். புதன்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். இயக்குநரே வந்திருந்தார்.

"ஓய்வு கொடுக்க முடியாது. பணி நீட்டிப்பு கொடுத்திருக்கோம்" என்றார் நிர்வாக அதிகாரி. "நீங்க தகுதிச் சான்றுல கையெழுத்துப் போட்டா போதும்."

"சார், இருபது நிமிஷத்துக்குக் கீழ வந்துடுச்சு. அது எந்த நிமிஷம் உடையும்னு யாருக்கும் தெரியாது."

"கணக்குப் பாருங்க. வெள்ளிக்கிழமை அதுக்கு வெளிப்பணின்னு ஆணை போட்டாச்சு, அன்னிக்குக் காலைல வருகைப் பதிவு கிடையாது. இப்படிப் பாத்தா வியாழன் சாயங்காலம் ஆறு நிமிஷம் மிச்சம் இருக்கும். பறக்க நாலு. ரெண்டு நிமிஷம் உபரி. இன்னும் என்ன வேணும்?"

இயக்குநர் என்னைத் தனிவாஞ்சையோடு பார்த்தார். "உங்க கவலை புரியுது. ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு பயப்படறீங்க. என்னைப் பாருங்க. எனக்கு ஓய்வு வயசு முடிஞ்சு ரெண்டு தடவை நீட்டிச்சாங்க. மருத்துவர், இனிமே மூளைக்கு வேலை கொடுக்காதீங்கன்னார். கொடுக்கல. இந்த நிறுவனம் ஓடலையா? எந்த உறுப்பும் வேலை செய்யாமலே ஒரு அமைப்பு ஓடும். அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யாரும் கோபப்படவில்லை. பொறுப்பாளர் மறுத்தால் அடுத்தவர் போடலாம் என்று விதி இருக்கிறதாம். அடுத்தவர் ஸ்டோர்கீப்பர். சக ஊழியரின் பெண் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது அதிலேயே ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்த மனிதர். என் கண் முன்னாலேயே போட்டார்.

அன்று மாலை வீட்டில் என் மச்சினன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு."

அவள் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், அழுதால் வெளியே கேட்கக் கூடாது என்று அவள் எப்போதும் செய்வது அது.

"மாப்ளே, ஏற மாட்டேன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொல்லு" என்றேன்.

அவன் பிரஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நான் ஏறலைன்னா மாற்று விமானி ஏறுவான் மாமா. சின்னப் பையன், கூப்பிட்டாலே துள்ளிக்கிட்டு வருவான். அவனுக்கும் வீட்டுல ஒரு அக்கா இருக்கா. மேடம் சொன்னதை எல்லாம் நானும் எழுதிக் கொடுத்துட்டேன். விமானிகள் கருத்துன்னு ஒரு கோப்பு இருக்காம், அதுல போட்டாங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு" என்றான். மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்வதென்று விடிவதற்குள் தெரிந்துவிட்டது. எஞ்சினில் மிச்சமிருக்கும் நிமிடம் பூஜ்யம் என்று வந்துவிட்டால் அப்புறம் எந்த விதியும், எந்த ஸ்டோர்கீப்பரும் அதன் மேல் யாரையும் உட்காரவைக்க முடியாது. தாளில் இருக்கும் எண்ணுக்கு மட்டும்தான் இவர்கள் பயப்படுவார்கள். எரிபொருள் அறைச் சாவி ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் என் கைக்கு வரும். காலை பத்துக்கு எல்லோரும் சுற்றி நிற்பார்கள். மாலை ஐந்துக்கு எல்லோரும் கையெழுத்துப் புத்தகத்தின் முன்னால் வரிசையில் இருப்பார்கள்.

வியாழக்கிழமை காலைப் பதிவு முடிந்தபோது ஒன்பது நிமிடம் மிச்சம். மதியம் மேடத்தை மலர்க் குழு அறையில் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.  மாலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூண்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். இன்னொரு காது மூடியை எடுத்துக் கொடுத்தேன். சரியாக ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நன்றாகத்தான் ஓடியது. மேடம் கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பள்ளிக்கூட விழாவில் தன் பிள்ளையைப் பார்க்கும் தாய் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஆயிற்று. நான் கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டேன். சத்தம் நிற்காததால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாக அதிகாரி ஓடிவந்து என் காது மூடியை விலக்கிக் கத்தினார்.

"ஏன் நிறுத்தல? மணி அஞ்சு தாண்டிப்போச்சு!"

"வேலை செய்யுது சார். செய்யட்டுமே."

"மிகைநேரத்துக்கு முன்அனுமதி வேணும்யா! படிவம் எங்க?"

படிவம் எடுக்க அவர் திரும்பி இரண்டடி வைத்திருப்பார். உள்ளே யாரோ யாரையோ ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் கம்பிவலை முழுக்கத் தீப்பொறி தெறித்தது. எரிபொருளை அடைத்தேன். புகை மட்டும் நின்றது. என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி மூன்று நிமிடம் நாற்பது வினாடி. ஒன்பது நிமிடம் இருக்கிறது என்று தாளில் இருந்த எஞ்சின் மூன்றே முக்கால் நிமிடம்கூட ஓடவில்லை.

எஞ்சினுக்குள் சுழலும் இறக்கைகளில் ஒன்றின் துண்டு வலைக்கு வெளியே விழுந்திருந்தது; மேடம் அதைக் கைக்குட்டையால் எடுத்தார். அது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"மூணு நிமிஷத்துல நிறுத்தியிருந்தா நாளைக்கு அதுக்கு நாப்பது வினாடி இருந்திருக்கும்" என்றார். 

"நாப்பது வினாடின்னா அவன் எங்க இருந்திருப்பான் மேடம்?"

"நாலு மாடி உயரத்துல. பாராசூட் விரியற உயரம் இல்ல."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை. நிர்வாக அதிகாரி படிவத்தோடு வந்து, எத்தனை மணிக்கு நின்றது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

பறக்கும் விழாவுக்கென்று போட்ட பந்தலில் வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினர் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. வந்ததற்கு மகிழ்ச்சி என்றார். இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். "பணி நேரம் முடிஞ்சப்புறமும் நாப்பது வினாடி கூடுதலா வேலை செஞ்ச ஒரு பணியாளரை இந்த நிறுவனம் இதுவரைக்கும் கண்டதில்ல. இனிமேலும் காணாதுன்னு உங்க எல்லார் சார்பிலயும் நான் உறுதி கொடுக்கறேன்" என்றார். அரைநாள் விடுமுறை விட்டார்கள்.

அன்று என் மச்சினன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தான். சாப்பிட உட்கார்ந்தான். என் மனைவி அவனுக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். போதும் போதும் என்று அவன் கையால் மறைக்க மறைக்க மூன்றாம் முறையும் போட்டாள்.  அவள் என்னிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. ஐந்து மணி முதல் மூன்று நிமிடம் முறையான வருகைப் பதிவு என்பதால் அதில் குற்றம் ஏதும் இல்லை. அதற்கு மேல் நாற்பது வினாடி பணியாளர் 417 முன்அனுமதி இன்றிப் பணிபுரியக் காரணமாக இருந்திருக்கிறேன். அந்த நாற்பது வினாடியில் நிறுவனத்துக்கு என்ன பயன் விளைந்தது என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நிறுவனத்துக்கு என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: ‘ஐயா, அந்த நாற்பது வினாடியில் என் மச்சினன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தான்.’

நான்காம் நாள் அது திரும்பி வந்தது. விளக்கம் திருப்தியளிக்கவில்லை, காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு மூன்று பிரதிகளில் மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மூன்று தாள் எடுத்தேன். மூன்றிலும் அதையே எழுதினேன்.